ஐந்து நட்சத்திரச் சீர்

சக்குபள்ளம்,
3 மார்ச் 2025

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கு,

செல்லத்துரை எழுதிக்கொள்வது. இங்கு நானும் அழகுத்தாயும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளை ஜிதினும், எங்கள் ஆனந்தியும், பேத்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்த வருடம் பனி மெதுவாகத்தான் விலகுகிறது. ஏலச்செடிக்கு நல்லது என்கிறார்கள். என் முழங்காலுக்கு நல்லதில்லை.

போன வாரம் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய மின்விசிறி கிடைத்தது. உங்கள் கடையின் பெயரிலேயே விசிறி வரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. எங்கள் ஊரில் விசிறி மாட்டிய வீடு குறைவு. சித்திரை மாதத்திலும் கம்பளி தேடுகிற ஊர் இது. ஆனாலும் நீங்கள் அனுப்பியதைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று கூடத்தில் மாட்டச் சொன்னேன். அழகுத்தாய் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்து பார்த்தாள்.

பிசிக்ஸ் வாத்தியார் கையால் ஒரு சர்டிபிகேட் எழுதி அனுப்பினால் கடையில் கண்ணாடி போட்டு மாட்டுவதாகச் சொல்லியனுப்பியிருந்தீர்கள். மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட் பள்ளியில் ஓய்வு பெறும்வரை இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான். சோதித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. விசிறியில் மின்சாரச் சிக்கனத்துக்கான ஐந்து ஸ்டார் லேபிள் இருக்கிறது. என்னிடம் உள்ள சின்ன மீட்டரை இணைத்துப் பார்த்தேன். ஐந்து ஸ்டார் விசிறி இழுக்க வேண்டிய மின்சாரத்தைப் போல் இது இரண்டு மடங்கு இழுக்கிறது. மீட்டர் பழையது; என் கண்ணும் பழையது. தவறு என் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் எனக்கு வார்த்தைகள் முன்பின்னாகிவிடும்.

ஸ்டார் என்றதும் கல்யாணத்து ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன்.

தங்கள் அன்புள்ள,
வீ. செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை,
14.3.2025

மரியாதைக்குரிய சம்பந்தி வாத்தியாருங்களுக்கு,

நாச்சிமுத்து வணக்கமுங்க. என்ற எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். அதனால கடையில பில்லுப் போடற நிமி புள்ளைய எழுதச் சொல்லி நான் பக்கத்துல நின்னு சொல்றேன். சொன்னதை சொன்னபடி எழுதோணும், திருத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கறேன். திருத்துனா சம்பந்தி நம்ம மேல மதிப்பு வெச்சுருவாரு, அப்பறம் அதைக் காப்பாத்தறது கஷ்டமுங்க.

ஏனுங்க வாத்தியாரே, தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறீங்களே. விசிறி சுத்துதா, காத்து வருதா, அவ்வளவுதானுங்க. லேபிள் இல்லாம விசிறி விக்கக்கூடாதுன்னு சட்டம் வந்ததுல இருந்து சனங்க முன்னால லேபிளைத்தான் பாக்கறாங்க. கோயமுத்தூர்ல ஒருத்தரு செஞ்சு, நம்ம கடைப் பேரு போட்டு, லேபிளும் அவரே ஒட்டிக் குடுத்தர்றாரு. இந்த வெயிலுக்கு மத்தியானத்துல வந்து நின்னா ஊட்டுக்கு ரெண்டுன்னு வாங்கீட்டுப் போறாங்க. அந்த மீட்டரைத் தூக்கி ஆத்துல போடுங்க.

இப்ப முக்கியமான விசயம். பாப்பாவுக்குக் காது குத்தலாம்னு இருக்கறோம். வைகாசியில, கல்யாணம் நடந்த அதே மண்டபத்துல. ஆனந்திக்குக் கூடப் பொறந்த பையன் இல்லைங்களே, தாய்மாமன் மடிக்கு என்ன பண்றதுன்னு ஊட்டுல பேச்சு வந்துது. அதுக்கு நம்ம வாத்தியாரு மடி இருக்குதேன்னு நான்தானுங்க சொன்னேன். மைக்குல சீரு சொல்றதுக்கு மொக்கையன்கிட்டச் சொல்லியாச்சு. சீரு என்ன வேணும்னாலும் கொண்டாங்க. ஃபிரிட்ஜு மட்டும் வேண்டாமுங்க. சம்பந்திகிட்டக் கேலி பேசாம யாருகிட்டப் பேசறது, கோவிச்சுக்காதீங்க.

சர்டிபிகேட்டு மறந்தராதீங்க.

இப்படிக்கு,
நாச்சிமுத்து


சக்குபள்ளம்,
28 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நிமிக்கு என் வாழ்த்து. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

மடியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை அழகுத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை என்ற குறை இருந்ததாக நான் நினைத்ததே இல்லை. அந்த வரியைப் படித்தபோது, இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி. இனி எழுதப் போவது எதுவும் அந்த நன்றியைக் குறைக்காது.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது குமுளியில் ஆசிரியை. அவள் பள்ளி ஆய்வுக்கூடத்து மீட்டரை வாங்கி வந்து மறுபடி சோதித்தேன். அளவு மாறவில்லை. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதுதான் ஸ்டார் கணக்கு. விசிறி தள்ளும் காற்றை அளக்க என்னிடம் வசதி கிடையாது. ஆகவே உங்கள் பெட்டியில் அச்சிட்ட காற்றளவையே உண்மை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். உங்களுக்குச் சாதகமாகத்தான் போட்டேன். அப்படியும் ஒரு ஸ்டார்கூடத் தேறவில்லை. லேபிளில் இருக்கும் மாடல் எண்ணை அரசாங்கத்தின் செயலியில் தேடினேன். அப்படி ஒரு எண் பதிவாகவே இல்லை. நான் சரியாகத் தட்டவில்லையோ என்று அந்தப் பெண்ணையும் தேடச் சொன்னேன். அவளுக்கும் கிடைக்கவில்லை.

ஒரு ஸ்டார் என்பதைப் பரிசு என்று பலர் நினைக்கிறார்கள். அது வாசற்படி. அதைத் தாண்டாத பொருள் கடைக்குள்ளேயே வரக்கூடாது என்பதுதான் சட்டம். கொழிஞ்சாம்பாறையில் கடலைக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் உங்கள் லேபிளை நம்பி வாங்கிப் போய், மாதாமாதம் கரண்ட் பில்லைப் பார்த்து மீட்டர் ரீடரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் பொதுநலத்துக்காக எழுதுகிறேன் என்று சொல்லலாம். பாதிதான் உண்மை.

நான் எதையும் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய மார்கழியில் சீர் ஃபிரிட்ஜ் வாங்க உங்கள் கடைக்கே வந்தேன். வேறு கடைக்குப் போவது முறையல்ல என்று நினைத்தேன். "இதை எடுத்துக்கங்க வாத்தியாரே, அஞ்சு ஸ்டாரு, கடைசிப் பீசு" என்று நீங்களே கைகாட்டினீர்கள். ஜனவரி பிறந்தால் ஸ்டார் அட்டவணை மாறும், அதே பெட்டி ஸ்டாரை இழக்கும் என்பது கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தை மாதத்துக் கல்யாணத்தில் மொக்கையன் சீர் வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மைக்கை நீங்கள் வாங்கினீர்கள். "வாத்தியாரு அஞ்சு ஸ்டாருன்னு கொண்டாந்தாருங்க. தை பொறந்துதும் ரெண்டு ஸ்டாரு உதுந்து போச்சுங்க. எஸ்டேட்டுல இன்னும் காலண்டர் மாத்தலையாட்ட இருக்குது" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. விற்றது நீங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மட்டுமென்றால் பரவாயில்லை. நானும் சிரித்தேன். கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து.

பந்தியில் அழகுத்தாய் பாயசத்துக்கு முன்பே இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். பஸ் பழனி தாண்டியதும் ஒன்றுதான் கேட்டாள்: "நீங்களுமா சிரிச்சீக?"

ஆகவே என் வேண்டுகோள். அதே மண்டபம், அதே மைக் என்று எழுதியிருக்கிறீர்கள். காதுகுத்து அன்று அந்த மைக்கை வாங்கி, அந்த ஃபிரிட்ஜை விற்றது நான்தான் என்றும், என் கடை விசிறிக்கு ஸ்டார் கிடையாது என்றும் சொல்லுங்கள். சொன்னால் நான் எதையும் யாருக்கும் எழுத மாட்டேன். இல்லையென்றால் லேபிளின் படத்தையும் என் அளவுகளையும் சேர்த்து, எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுவேன். மனு தயாராக மேசையில் இருக்கிறது. எழுத்துப்பிழை பார்த்துவிட்டேன்.

இவ்வளவு கடுமையாக எழுதலாமா என்று தெரியவில்லை. கிழித்துவிட்டு இரண்டு முறை எழுதினேன். இப்படியேதான் வருகிறது.

தங்கள்,
வீ. செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை,
9.4.2025

வாத்தியாருங்களுக்கு,

நீங்க எழுதுனதைப் படிக்கறப்ப நிமி புள்ளை பாதியில நிறுத்தி என்ற மூஞ்சியப் பாத்துது. அதையும் எழுதுன்னு சொல்லியிருக்கறேன்.

ஒரு சிரிப்புங்க அது. கல்யாணத்துல ஆளுக்கு ஆள் கேலி பேசறதுதான். எங்க பக்கம் பொண்ணூட்டுக்காரங்க திருப்பிப் பேசுவாங்க, நாங்க வாங்கிக்குவோம், சோறு திம்போம், மறந்துருவோம். நீங்க திருப்பிப் பேசலை. சிரிச்சீங்க. சிரிச்ச மனுசன் உள்ளுக்குள்ள ரெண்டு வருசமா கத்தி தீட்டீட்டு இருப்பாருன்னு நான் எப்படீங்க கண்டேன்?

விசிறி விசயம் நீங்க சொல்றது மெய்யாவே இருக்கட்டும். கோயமுத்தூர்க்காரரு போனை எடுக்க மாட்டீங்கறாரு. குடோன் நெறைய சரக்கு நிக்குது. இந்தச் சித்திரை வெயில் போனா அதை வெச்சுட்டு நான் என்னத்தப் பண்றது? ஜிதினுக்கு லேபிள் விசயம் தெரியாதுங்க. அவன் அப்பனை நம்பிக் கல்லாவுல உக்காந்திருக்கறான். சரக்கு தீந்துதும் நானே இந்த யாவாரத்தை உட்டர்றேன். அது வரைக்கும் பொறுத்துக்குங்க. இது கெஞ்சறதுன்னே வெச்சுக்குங்க.

ஆனா மைக்குல சொல்ல மாட்டேன். என்ற ஊரு, என்ற சனம். அந்தக் கூட்டத்துல பாதிப்பேரு என்ற கடையில விசிறி வாங்குனவங்க.

ஒண்ணு முடிவு பண்ணிக்குங்க. மடி வேணுமா, மனு வேணுமா. மனுதான்னா, ஆனந்திகூடக் காலேஜுல படிச்ச பினு இருக்கறான். அவளை அக்கா அக்கான்னுதான் கூப்புடுவான். அவன் மடியில வெச்சுக் குத்திக்கறோம். நீங்க பந்தியில உக்காந்து சாப்புட்டுட்டுப் போலாம்.

நாச்சிமுத்து


சக்குபள்ளம்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் வென்றீர்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு மனுவை எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் மைக்கில் எதுவும் சொல்ல வேண்டாம். மனுவை அனுப்பவில்லை. காதுகுத்து முடியும்வரை அனுப்ப மாட்டேன். என் வார்த்தையை நம்பலாம்.

முந்தின நாளே கம்பம், தேனி வழியாகப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து உங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிப்போம். அழகுத்தாய் வர மறுக்கிறாள். சொல்லிப் பார்க்கிறேன். சீராகத் தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு, இன்னொரு சின்னப் பொருளும் கொண்டு வருகிறேன்.

ஒரு சந்தேகம். கல்யாணத்தில் பார்த்தேன்: சீர் கொண்டுவந்தவரிடம் மொக்கையன் குனிந்து காதைக் கொடுக்கிறார், அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல மைக்கில் அப்படியே சொல்கிறார். காதுகுத்திலும் அதே முறைதானே? எனக்குக் கூட்டத்தில் குரல் எழும்பாது. அந்த ஏற்பாடு இருந்தால் எனக்கு வசதி.

தங்கள் அன்புள்ள,
வீ. செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை,
29.5.2025

வாத்தியாருக்கு,

இதை நிமிகிட்டச் சொல்லி எழுத வெக்கமா இருக்குது. நானே எழுதறேன். புரியலைன்னா விட்டுருங்க.

பொள்ளாச்சியில இருந்து வந்த டீலருங்களைக் கூட்டீட்டுப் போயி நான் சமையக்கட்டுப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். மைக்குல மொக்கையன் சத்தம் வருது. சக்குபள்ளம் செல்லத்துரை வாத்தியாரு சீரு, தங்கத்தோடு ஒரு ஜோடிங்கறான். பட்டுப்பாவாடைங்கறான். நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் மின்விசிறி ஒண்ணுங்கறான். டீலருங்களை அங்கயே உட்டுட்டுத் திரும்புனேன்.

மொக்கையன் நாப்பது வருசமா காதுல உளுந்ததை வாயில உடற ஆளு. என்ன சொல்றோம்னு அவனுக்கே தெரியாது. மொய்யி சொல்ற ராகத்துலயே சொல்றான். "பேத்தியோட அப்பாரு நாச்சிமுத்து கடை விசிறிங்கோ. லேபிளு அஞ்சு ஸ்டாருங்கோ. அளந்து பாத்தா ஒரு ஸ்டாரும் இல்லைங்கோ. சர்க்காரு கணக்குல அந்த நம்பரே கெடையாதுங்கோ. கல்யாணத்து ஃபிரிட்ஜும் இவுரு கடையில வாங்குனதுதானுங்கோ." நான் பந்தி இலையெல்லாம் தாண்டி ஓடியாறேன். வந்து பாத்தா நீங்க சேர்ல உக்காந்து, மடியில பாப்பா, ஆசாரி ஊசியோட குனிஞ்சிருக்கறாரு, அந்தப் பக்கம் மொக்கையன் குனிஞ்சிருக்கறான். உங்க உதடு மட்டும் அசையுது. முன்னால ஜிகினாப் பேப்பர் சுத்தி விசிறி.

பாப்பா அழுகற சத்தம் மைக்குல கேக்குது. அதுக்கும் மேல சனம் சிரிக்குது.

மைக்கு ஒயரைப் புடுங்குனது நானில்லைங்க. உங்க மக. புடுங்கிப் போட்டுட்டுப் பாப்பாவை உங்க மடியில இருந்து எடுத்துட்டா. அப்ப ஒரு காதுதான் குத்தியிருந்துது. இன்னொரு காது பினு மடியில வெச்சுக் குத்துனோம். நீங்க அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டீங்க.

ஆனந்தி அழுகலைங்க. என்னையும் பாத்துத்தான் சொன்னா. "ஒங்க ரெண்டு பேத்துக்கும் எங்கல்யாணமும் எம்புள்ள காதுந்தான் கெடச்சுதா?" நீங்க இருந்திருந்தா உங்களுக்கும் கேட்டிருக்கும். இல்லாததனால எழுதறேன். பாதி உங்களுது.

மறுநாளுல இருந்து விசிறியைக் கழட்டிக் கொண்டாந்து கடை வாசல்ல வெச்சுட்டுப் போறாங்க. திட்டக்கூட மாட்டீங்கறாங்க. ஸ்டார் எண்ணிப் பாத்துக்கோன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போறாங்க. ஜிதின் கேக்கறான், ஏனுங்கப்பா, மாமா சொன்னது பொய்யாங்கன்னு. பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்களுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்பத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதுங்கறதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சராதீங்க.

இனி இங்க வராதீங்க. கடுதாசியும் போடாதீங்க.

நாச்சிமுத்து


சக்குபள்ளம்,
11 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்குத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் புரிந்தது. எழுத்து அவ்வளவு மோசமில்லை.

மனுவைப் பற்றி: காதுகுத்து முடியும்வரை அனுப்ப மாட்டேன் என்று வார்த்தை கொடுத்திருந்தேன். காப்பாற்றினேன். அன்றிரவு பொள்ளாச்சியில் தங்கி, மறுநாள் அங்குள்ள தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகச் சேர்த்துவிட்டேன். உங்கள் ஊரிலேயே சேர்த்திருக்கலாம். அங்கே எல்லோருக்கும் உங்களைத் தெரியும் என்பதால் சங்கடமாக இருந்தது. கோயமுத்தூர்க்காரர் பெயர் தெரியாததால் உங்கள் கடைப் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். விசாரிக்க வருகிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது. இது என் யோசனை மட்டும்.

வருத்தப்படுகிறேனா என்று ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் யோசித்தேன். வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். மொக்கையன் காதைக் கொடுத்துக் குனிந்தார். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பையனுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சனம் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் பொய்யாகும்.

உங்கள் கடிதத்தை அழகுத்தாய்க்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். விசிறிகள் கடை வாசலுக்குத் திரும்பி வந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். "இப்பத்தான் எனக்குச் சோறு உள்ள எறங்குது" என்றாள். பிறகு ஆனந்தி சொன்ன வரி வந்தது. அழகுத்தாய் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். ஆனந்தி போன் செய்யவில்லை. நான் செய்தேன். அடித்து நின்றது.

வரும் ஜனவரியில் ஃபிரிட்ஜ் அட்டவணை மறுபடி மாறும் என்கிறார்கள். பெட்டி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். ஸ்டார் மட்டும் குறையும். மனிதர்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் போன வருடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அதே மண்டபமும் அதே மைக்கும் கிடைத்தால் அதையேதான் செய்வேன். ஒரு காதாவது என் மடியில் குத்தியது, அது போதும் என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். போதாது.

கேட்க வந்தது இதுதான். அது எந்தக் காது என்று எனக்கு நினைவில்லை. வலதா, இடதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மொக்கையனுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததில் நான் குழந்தையின் பக்கம் பார்க்கவில்லை. எதையும் கவனிக்காமல் விடுகிறவன் அல்ல நான்; உங்களுக்கே தெரியும். ஆனந்திக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டு ஒரு வரி மட்டும் எழுதச் சொல்ல முடியுமா?

வீ. செல்லத்துரை